பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பழைய சிப்பேவா மணிவேலை விலைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் பூவில்தான் விழும். முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம்.

ஒஜிப்வே என்றும் அழைக்கப்படும் சிப்பேவா மக்கள் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி, மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், ஒன்டாரியோ பகுதிகளில் வாழ்பவர்கள். முள்ளம்பன்றி முட்களுக்குச் சாயமேற்றித் தோலில் தைத்துவந்த பெண்கள், வணிகர்கள் கொண்டுவந்த வெனிஸ், பொஹீமியக் கண்ணாடிப் பாசிமணிகளை எடுத்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கறுப்பு வெல்வெட்டில் கொடிகள் படர்ந்தன. ஒரே தண்டில் மூன்று வகை இலை, மொட்டு, பழம். தாவரவியல் ஆசிரியருக்குத் தலை சுற்றும், கண்ணுக்கோ விருந்து.

சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது, அகலப் பட்டையோடு தோளில் குறுக்காக மாட்டும் பாண்டோலியர் பை. பெண்கள் தைத்தார்கள், ஆண்கள் விழாக்களில் அணிந்தார்கள். சில பைகளுக்கு வாயே கிடையாது; வெறும் அலங்காரம்.

சரி, பின்பக்கம். மணிகளை ஒரு நூலில் கோத்துத் துணிமேல் கிடத்தி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை இன்னொரு நூலால் இறுக்குவார்கள். உள்துணி எங்காவது பிரிந்திருந்தால் அந்தச் சிறு தையல்கள் தெரியும். அங்கே நைலான் நூல் கண்ணில் பட்டால், வேலை புதியது அல்லது பிற்காலத்தில் பழுதுபார்த்தது. புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தாலும் சந்தேகப்படலாம். ஆனால் சோப்புத்தூளில் துவைத்த பழைய துணியும் அப்படி ஒளிரும் என்பதால் அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. மணிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தாலும் யோசியுங்கள்.

“சிப்பேவா” என்ற சீட்டை அப்படியே நம்ப வேண்டாம். கிரீ, மெட்டீ, பொட்டாவாட்டமி மக்களும் பூவேலை செய்தவர்கள். யார் வீட்டிலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்ற எழுத்துச் சான்று இல்லாவிட்டால் அது விற்பவரின் ஊகம். அதற்கு நான் கூடுதல் விலை தரமாட்டேன்.

சட்டமும் உண்டு. பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் குற்றமாக்குகிறது. கழுகிறகு கோத்த பொருளை அங்கே வாங்கவோ விற்கவோ கூடாது, எவ்வளவு பழையதாக இருந்தாலும்.

வாங்கிய பின் துவைக்காதீர்கள். பட்டையைப் பிடித்து ஆணியில் மாட்டினால் மணிகளின் கனமே நூலை அறுத்துவிடும். அமிலமில்லாத தாள் விரித்து, மடிக்காமல், வெயில் படாத அலமாரியில் கிடத்தி வையுங்கள்.