சனிக்கிழமைச் சம்பளமும் மூளையின் பிம்பமும்

வாரமெல்லாம் ஓவர்லாக் மெஷின் முன் குனிந்து, நாளொன்றுக்கு ஒன்றரை ஷிப்டு உழைத்த தொழிலாளி, சனிக்கிழமை இரவு கைக்கு வந்த சம்பளத்தைப் பனியன் கம்பெனிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள மதுக்கடையில் கரைத்துவிட்டு வரும்போது, 'வைராக்கியம் இல்லாதவன்' என்ற ஒரே சொல்லால் அவனைத் தீர்த்துவிடுவது திருப்பூரில் மட்டுமின்றித் தேசமெங்கும் உள்ள வழக்கம். அச்சொல் எத்தனை அவசரமானது என்பதைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த மனநல வைத்தியர் விவேக் பெனகலின் ஆராய்ச்சி உணர்த்துகிறது.

குடித்துக் கெட்டவனின் மூளையைப் படம் பிடித்தால் பழுது தெரியும். ஆனால் அப்பழுது மதுவால் விளைந்ததா, மதுவுக்கு முன்பே இருந்ததா என்ற சந்தேகம் தீராது. ஆகவே அவரும் அவருடைய சகாக்களும், குடிநோயாளிகளின் புதல்வர்களுள் மதுவையே அறியாதவர்களைத் தேர்ந்து, முதலில் அவர்களுடைய மூளையின் மின்னலைகளை அளந்தனர், பிறகு எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையையே படமெடுத்தனர். 2007-ல் வெளியான ஆய்வில், மூளையின் முன்மடல், அமிக்டலா, தலாமஸ், சிறுமூளை முதலிய பகுதிகளில் சாம்பல்நிறத் திசுவின் கன அளவு மற்ற இளைஞர்களைக் காட்டிலும் இவர்களிடம் குறைந்திருந்தது. அக்குறைவோடு அடங்காமையும் ஆத்திரமும் சேர்ந்தே காணப்பட்டன. முதல் மிடறுக்கு முன்பே சிலர் சுமையோடு நிற்கிறார்கள் என்பதே இதன் தாத்பரியம்.

இச்சுமையை விதியென்று கொள்வதும் பிழை. மெக்ஸிகோவில் பிறந்து, அமெரிக்காவில் பி.இ.டி. படங்களின் வாயிலாக மூளையின் டோபமைன் இயக்கத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த நோரா வோல்கோவ், கோகெய்னுக்கும் மதுவுக்கும் அடிமையானோரிடம், டோபமைன் தரும் இன்பத்தின் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் குன்றியிருப்பதைக் கண்டார். அவரே 2001-ல், மெத்தாம்ஃபெட்டமைன் என்னும் போதைப்பொருளை ஓராண்டளவு விட்டிருந்தவர்களின் மூளையில், டோபமைனைத் திரும்ப வாங்கும் புரதங்கள் கணிசமாக மீண்டிருப்பதையும் கண்டார்.

ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் மதுவைத் தொடாதிருந்தவன், மாலையைக் கழற்றியதும் பழைய கடை வாசலில் நிற்பதைக் கண்டு நாம் நகைக்கிறோம். அந்த விரதமே அவனிடம் வைராக்கியம் உண்டென்பதற்குச் சாட்சி. மூளையின் ரணம் ஆறுவதற்கோ ஒரு மண்டலம் போதாது. எனவே, அவன் விரும்பி விலகியிருக்கும் அந்த நாட்களிலேயே அவனைச் சிகிச்சைக்கு அழைத்துச் சென்று, மாலை இறங்கிய பிறகும் மாதக்கணக்கில் உடனிருப்பது நம் கடமை. சனிக்கிழமை இரவுகளில் அவனுக்காக விழித்திருக்கும் மகனையும் அச்சிகிச்சையே காக்கும்.