மகளுக்கு ஒரு மிருதங்கம்

பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களுக்கு யோசனை சொல்லியே பழகிய ஊர் எங்கள் காஞ்சிபுரம். ஜரிகை அசலா, கரை கோர்வையா என்று பிள்ளையார்பாளையத்தில் பள்ளிக்கூடம் போகிற குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ஆனால் மிருதங்கம் வாங்குவது எப்படி? போன வருஷம் என் மகளுக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லுகிறேன்.

பள்ளிக்கூட பாண்டு வாத்தியத்தில் சைடு டிரம் தட்டித்தான் அவளுக்கு இந்த ஆசை வந்தது. அந்த டிரம்முக்குச் சுருதி என்ற கவலை கிடையாது. அடியில் கம்பிச்சுருள் உரசி 'சர்ர்' என்று முழங்கினால் போதும், அணிவகுப்புக்கு அதுவே அழகு. மிருதங்கம் அப்படி அல்ல.

வீட்டில் முதல் தடை விலை அல்ல. "பாட்டு கத்துக்கட்டும், வீணை கத்துக்கட்டும். பொண்ணுக்கு எதுக்கும்மா மேளம்?" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். (இந்த மாதிரி சமயங்களில் ஆண்களுக்குப் பேப்பர் எத்தனை ஒத்தாசை!) எனக்கோ இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது நியாயமாகப் படவில்லை. தாளத்துக்கும் பல்லவிக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை (1889-1934) இங்கே வாழ்ந்தவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியம் வைத்துப் பாடியதால் அவர் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்றே பெயர். அவருக்குக் கஞ்சிரா வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம்தான், 1910-இல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கம் கற்று மேடையேறினார். ஆந்திரத்தின் மிருதங்க விதுஷி தண்டமூடி சுமதிக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

டி.கே. பட்டம்மாளும் 1919-இல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்தவர்தானே? பெண்கள் பல்லவி பாடுவதா என்று இருந்த காலத்தில் பாடிக் காட்டியவர். நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காதிருந்த பாலக்காடு மணி ஐயர் பின்னாளில் பட்டம்மாளுக்கு வாசித்தார். தம் மகளையே அவர் வீட்டு மருமகளாகவும் அனுப்பினார். இதைச் சொன்னதும் அத்தை, "சம்பந்தி ஆயிட்டாங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எதிர்ப்பில் பாதி குறைந்துவிட்டது.

வாத்தியாரிடம் போனேன். "எந்தக் கடையில் வாங்கலாம், என்ன விலை?" என்றேன். அவரோ, "குழந்தை யாருக்கு வாசிக்கப் போறா?" என்று திருப்பிக் கேட்டார். அதுதான் விஷயமே. ஆண் குரல் ஒரு கட்டை, இரண்டு கட்டையில் நிற்கும். பெண் குரலுக்கு ஐந்து கட்டைக்குக் கிட்டே வேண்டும். ஒரே மிருதங்கத்தை இரண்டுக்கும் இழுத்துக் கட்ட முடியாது. தாழ்ந்த சுருதிக்குச் சுமார் 24 அங்குல நீளக் கட்டை, உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம். என் மகளின் தோழி பாட்டு கற்கிறாள், இவள் அவளுக்குத் தட்டப் போகிறாள். ஆகவே 22 என்று முடிவாயிற்று. சம்மணமிட்டு உட்காருகிற சின்ன உடம்புக்கும் அதுதான் இசைவு. பெரியதை வாங்கிக் கொடுத்தால் குழந்தை தோளை உயர்த்தி, முதுகைக் கோணிக்கொண்டு வாசிக்கப் பழகிவிடும்.

பெரிய கடை ஒன்றில் வார்னீஷ் பளபளக்க அடுக்கி வைத்திருந்தார்கள். வாத்தியார் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு சென்னையில், மயிலாப்பூர்ப் பக்கம் மிருதங்கம் செய்கிற ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனார். சின்ன அறை, நனைந்த தோலின் வாசனை, மூலையில் பலாமரக் கட்டைகள். பண்ருட்டி வட்டாரத்துப் பலாவுக்கு இதில் நல்ல பெயர். "நல்லா காஞ்ச மரமா இருக்கணும்மா. பச்சை மரம்னா பின்னாடி வெடிச்சுடும்" என்றார் பெரியவர். உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். விரிசலை மக்கு வைத்து மூடி மேலே பூச்சுப் பூசிவிடுவதும் உண்டாம்.

பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இதில் சேருகிறது. வலந்தலையின் நடுவே இருக்கும் கருப்பு வட்டம்தான் கரணை. ஒருவகைக் கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் சோற்றுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது புதிதாக இருந்தது. வெறும் தோல் ஓசைதான் தரும். இந்தக் கரணையின் கனம்தான் அதைச் சுருதியோடு இழையும் நாதமாக்குகிறது. நம் சர் சி.வி. ராமன் 1920-இலேயே இதை ஆராய்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான்: விளிம்பில் வார் கோத்த கண்கள் 16. ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக விரலால் தட்டினால் எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒரு இடம் ஏறி, ஒரு இடம் இறங்கினால் வேண்டாம். பெரியவர் சின்னக் கல்லாலும் மரப்புள்ளாலும் பின்னலைத் தட்டித் தட்டி அரை மணி நேரம் சேர்த்தார். சுருதிப்பெட்டி எதுவும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. வாருக்குப் பதில் போல்ட்டு நட்டு வைத்ததும் கிடைக்கிறது. ஸ்பானரால் வீட்டிலேயே முடுக்கலாம். செய்கிறவர் பக்கத்தில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது சௌகரியம்தான். வாத்தியார் சொன்னபடி நான் வார் கட்டினதையே எடுத்தேன்.

ஒரு முகூர்த்தப் புடவையின் விலையில் பாதிக்கும் குறைவாகத்தான் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்துவக் குடும்பத்தினர். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்றொரு புத்தகமே எழுதினார். மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைகாரர் இருந்ததை அதற்குமுன் எத்தனை ரசிகர்கள் அறிவார்கள்? எங்கள் ஊர்ப் புடவையிலும் நெய்தவர் பெயர் இருப்பதில்லை. தோலைத் தொடுகிறவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவர் செய்ததைச் சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோமே, இது என்ன கணக்கு? "தோல் சாமான், பூஜை ரூம் பக்கம் வேண்டாம்" என்று அத்தை ஆரம்பித்தபோது இதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த நவராத்திரியில் மிருதங்கம் கொலுவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வீட்டில் வைத்துக்கொள்வது கைக்குழந்தையை வளர்க்கிற மாதிரிதான். வெயிலிலும் அடுப்பங்கரையிலும் வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். தறிக்குழியில் தண்ணீர் ஊறி நெசவு நிற்கிற அதே நாட்களில் இதுவும் மக்கர் பண்ணும். இடதுபக்கத் தொப்பிக்கு, வாசிக்குமுன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்ப வேண்டும். முடிந்தவுடன் வழித்துத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கரப்பானும் எலியும் தேடி வரும். குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். புதிதில் விரல் நுனி சிவக்கும். நாளைக்கு இருபது நிமிஷத்தில் ஆரம்பித்து மெள்ளக் கூட்டினால் போதும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கரணை தேய்ந்து உதிர ஆரம்பித்தால் நாமே ஒட்டப் பார்க்காமல் செய்தவரிடமே கொண்டு போவது நல்லது. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டில் இப்போது அரைக்கிலோ ரவை கூடுதல். எழுதிக் கொடுப்பது அத்தைதான்.