போரிவிலிக் காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மும்பைக்கு வந்து 20 ஆண்டு, 30 ஆண்டு ஆன தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஜூகு கடற்கரை தெரியும். மகாலட்சுமி கோவில் தெரியும். ஊரில் இருந்து விருந்தாளி வந்தால் கேட்வே ஆப் இந்தியாவைக் காட்டி, படகில் ஒரு சுற்றுச் சுற்றி அழைத்து வந்து விடுவார்கள். ஆனால், தினமும் தொங்கிக்கொண்டு போகிற அதே லோக்கல் ரெயிலில் போரிவிலி வரை போனால் ஒரு பெரிய காடு இருக்கிறது என்பது, பலருக்கு இன்னும் காதில் விழுந்த செய்திதான்.

அதன் பெயர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பழைய ஆட்கள் போரிவிலி நேஷனல் பார்க் என்பார்கள். பூங்கா என்றதும் நான்கு பாத்தி, இரண்டு ஊஞ்சல் என்று நினைத்துவிடக் கூடாது. சுமார் 103 சதுர கிலோ மீட்டர் பரப்புள்ள மலைக்காடு அது. மேற்கே போரிவிலி, கிழக்கே முலுண்ட், வடக்கே தானே என்று கட்டடங்கள் நெருக்க, நடுவில் பச்சையாகக் கிடக்கிறது.

பத்துக்குப் பத்து அறையில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் குற்றாலமும் பாபநாசமும் ஆண்டுக்கு ஒரு தடவை. அதுவும் அப்பாவுக்கு லீவும், ஊருக்கு டிக்கெட்டும் ஒரே சமயத்தில் கிடைத்தால்தான். இடைப்பட்ட நாட்களில் மரம் என்றால் சாலின் முனையில் நிற்கும் ஒற்றை அரச மரம்தான். அந்தப் பிள்ளைகளை ஒரு நாளாவது கூட்டிப்போக வேண்டிய இடம் இது.

மாகிமில் ஏறுகிறவர்களுக்கு ஸ்லோ வண்டி நேராகப் போகும். மாட்டுங்கா, சயான், டோம்பிவிலி, கல்யாண்காரர்கள் தாதரில் மாறிக்கொள்ளலாம். 5 வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. 12 வயது நிரம்பும் வரை அரை டிக்கெட். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் தண்டவாள வேலைக்காக ஏதாவது ஒரு பகுதியில் வண்டிகளை நிறுத்துவதும், வேறு பாதையில் விடுவதும் வழக்கம். முதல் நாளே அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் காலை 7 மணி வாக்கில் வண்டியைப் பிடித்துவிட்டால் அலைச்சல் இல்லை. போரிவிலியில் கிழக்குப் பக்கம் இறங்கி, நெடுஞ்சாலை வரை நடந்தால் பூங்காவின் வாசல். திங்கட்கிழமை விடுமுறை.

நடப்பது எப்படி?

வாசலில் இருந்து கன்னேரி குகைகள் வரை காட்டுக்குள் தார் ரோடு போகிறது. 6, 7 கிலோ மீட்டர் இருக்கும். தேக்கு, மூங்கில், இலவு, புரசு என்று இரண்டு பக்கமும் மரங்கள். கூடவே தகிசர் ஆறும் வரும். மாசி, பங்குனியில் போனால் இலவும் புரசும் இலையை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்து நிற்கும். பெரியவர்களுக்கு இது நடை. 6 வயதுப் பிள்ளைக்கு இது தண்டனை. அதனால் ஏறும்போது பூங்காவுக்குள் ஓடும் பஸ்சில் போய்விட்டு, இறங்கும்போது நடப்பதே புத்தி. கடைசியில் உள்ள ஏற்றம் அப்படிச் செய்தால் இறக்கமாகிவிடும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் குகைப் பக்கத்து மேட்டில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள குடும்பம் வாசலை ஒட்டிய பகுதியிலேயே சுற்றலாம். காந்தி நினைவு மண்டபம் உள்ள சிறு குன்று வரை ஏறி இறங்கினால் போதும். வனராணி என்ற பொம்மை ரெயில் பல தலைமுறைப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. 2021 மே மாதம் அடித்த டவ்தே புயலில் அதன் பாதை சேதமாகி ஓட்டம் நின்றது.

உண்மையான காட்டு வழி வேண்டும் என்கிற வாலிபர்களுக்குச் சிலோண்டா பாதை இருக்கிறது. ஓடையை ஒட்டிக் கல்லும் மண்ணுமாகப் போகும் ஒற்றையடிப் பாதை. அங்கே தானாக நுழையக் கூடாது. வனத்துறையின் அனுமதியும், வழிகாட்டியும் வேண்டும். கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து வேலியைத் தாண்டினால் வழக்கு வரும். அதைவிடப் பெரிய ஆபத்தும் வரும்.

அந்த ஆபத்து சிறுத்தை. இந்தக் காட்டிலும் சுற்றுப்புறத்திலும் ஏறக்குறைய 50 சிறுத்தைகள் இருக்கின்றன. 2004-ம் ஆண்டில் அடுத்தடுத்து நடந்த தாக்குதல்களில் பலர் இறந்தது மும்பையையே நடுங்க வைத்தது. அதற்காகப் பயந்து வீட்டில் உட்கார வேண்டியதில்லை. பகலில், ரோட்டில், கூட்டமாகப் போகிறவர்களிடம் அது வருவதில்லை. பிள்ளைகளைக் கண்ணுக்கு முன்னால் நடக்க விட வேண்டும். ஓடைப் பக்கம் ஒதுங்கத் தனியே அனுப்பக் கூடாது. இருட்டும் முன் வெளியே வந்துவிட வேண்டும். சாப்பிட்ட மிச்சத்தைப் போட்டால் நாய் வரும். நாய் வந்தால் அதைத் தேடிச் சிறுத்தை வரும். காட்டு ஓரத்தில் குடியிருக்கிறவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து அப்படித்தான் வருகிறது. நாம் வீசிய சோற்றுப் பொட்டலத்துக்கு விலை கொடுப்பது வேறு யாரோ.

குரங்குகள் வேறு. புளிசோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் தூக்கு இருக்கும், சோறு இருக்காது.

கல்லில் பிடித்த மழை

மலை மேல் உள்ள கன்னேரி குகைகளுக்குத் தனி டிக்கெட். கன்னேரி என்பது கிருஷ்ணகிரி என்ற பெயரின் திரிபு. நம் ஊரில் ஒரு கிருஷ்ணகிரி, இங்கே ஒன்று. குகை என்றால் இயற்கையாக உண்டானது அல்ல. கருங்கல் போன்ற கரிய எரிமலைப் பாறையை உளியால் குடைந்து, புத்த பிட்சுக்கள் தங்குவதற்காக அமைத்த அறைகள். கி.மு. 1-ம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி ஏறக்குறைய 1,000 ஆண்டு இந்த வேலை நடந்திருக்கிறது. மொத்தம் 100-க்கு மேல். எல்லாவற்றையும் பார்க்க ஒரு நாள் போதாது. பிள்ளைகளோடு போகிறவர்கள் 3-ம் எண் குகையைப் பார்த்துவிட்டு, படி ஏறி மலை உச்சி வரை போனால் நிறைவாக இருக்கும்.

3-ம் எண் குகை ஒரு வழிபாட்டுக் கூடம். நீளம் சுமார் 86 அடி, அகலம் 40 அடி. 34 தூண்கள். சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சதகர்ணி காலத்துக் கல்வெட்டு இங்கே இருக்கிறது. முன்தாழ்வாரத்தின் இரண்டு கோடியிலும் ஏறக்குறைய 23 அடி உயரப் புத்தர் சிலைகள் நிற்கின்றன. தூண்களை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சிலவற்றில் மட்டும் வேலைப்பாடு முடிந்திருக்கும். மற்றவை வெறும் எண்பட்டைத் தூண்கள். பாதியில் நின்ற வேலை! கழுகுமலை வெட்டுவான் கோவிலைப் பார்த்தவர்களுக்கு அதன் நினைவு வரும்.

பல அறைகளில் சுவரோரம் கல்லிலேயே படுக்கை. பிள்ளைகள் முதலில் ஓடிப்போய்ப் படுத்துப் பார்ப்பது அதில்தான். மதுரைப் பக்கத்து மலைகளில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கல் படுக்கைகளும் இப்படித்தான். அழகர்மலைக் குகையில் உப்பு வணிகர், பொன் வணிகர் என்று கொடுத்தவர்களைப் பற்றிப் பழைய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கன்னேரியிலும் அதே கதை. கல்யாண், சோப்பாரா, நாசிக் ஊர்களின் வணிகர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் கன்னேரியில் பார்க்க வேண்டியது சிலையை விடத் தண்ணீர்தான். தாராவியிலும் ஆன்டாப்ஹில்லிலும் விடிவதற்கு முன் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு இது மற்ற யாரையும் விடச் சீக்கிரம் புரியும். மலைப்பாறையின் தலையில் இருந்து சிறு சிறு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் அதில் இறங்கி, ஒவ்வொரு குகை வாசலிலும் உள்ள கல்தொட்டியில் விழும். தொட்டியின் வாய் சிறியது, வயிறு பெரியது. வெயிலில் வற்றாமல் இருக்க அந்த ஏற்பாடு. மும்பையில் மழை 4 மாதம்தான். மீதி 8 மாதமும் மலை உச்சியில் இத்தனை பேர் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். பம்பும் குழாயும் இல்லை.

தொட்டி வெட்டிக் கொடுப்பது அந்தக் காலத்தில் பெரிய புண்ணியம். கல்யாண் ஊர்ப் பொற்கொல்லர் ஒருவர் ஒரு தொட்டி கொடுத்திருக்கிறார். சதேரகன் என்ற அமைச்சர் ஒன்று கொடுத்திருக்கிறார். அந்த அமைச்சரின் கல்வெட்டில், சாதவாகன அரசனின் மனைவியான மேற்கு சத்ரப அரசரின் மகளும் குறிக்கப்படுகிறாள். அரசகுமாரிக்கும் பொற்கொல்லருக்கும் ஒரே கல், ஒரே எழுத்து.

9-ம் நூற்றாண்டில் வங்காளப் பகுதியான கவுட நாட்டில் இருந்து வந்த ஒருவர் இங்கே 100 திரம்மம் என்ற காசை நிரந்தரக் கொடையாக வைத்தார். 90-ம் எண் குகையில் 1009, 1021-ம் ஆண்டுகளில் வந்த பார்சிகள் தங்கள் பெயர்களைப் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இந்த மலைக்கு வருவது நேற்று இன்று தொடங்கியது அல்ல.

பார்சிகள் வெட்டினார்களே, நாம் வெட்டினால் என்ன என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான்! இப்போது அது குற்றம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படியும் ஆணியால் இதயம் வரைந்து பெயர் எழுதுகிற ஆசாமிகள் ஓயவில்லை.

தாராவிக்கு வரும் தண்ணீர்

கன்னேரியில் தொடங்கிய கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. வெள்ளைக்காரர்கள் பம்பாய்க்குக் குழாய்த் தண்ணீர் கொண்டு வர இதே காட்டைத்தான் தேடி வந்தார்கள். விகார் ஏரி 1860-ல் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது. துளசி ஏரி 1879-ல் கட்டி முடிந்தது. மும்பைக்குக் குடிநீர் தரும் 7 ஏரிகளில் மாநகர எல்லைக்குள் இருப்பவை இந்த இரண்டும்தான். குடிநீர் ஏரி என்பதால் உள்ளே இறங்க அனுமதி இல்லை.

விகார் ஏரி நிரம்பி வழிந்தால், பவாய் ஏரியில் இருந்து வழியும் தண்ணீரோடு சேர்ந்து ஓடுவதுதான் மித்தி ஆறு. குர்லாவைக் கடந்து, தாராவி ஓரமாகப் போய் மாகிம் கழிமுகத்தில் கடலில் விழுகிறது. தாராவிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற அந்தக் கறுத்த ஆறு பிறப்பது இந்தக் காட்டில்தான். 2005 ஜூலை 26-ல் ஒரே நாளில் சாந்தாகுருசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியபோது, அந்த ஆறு கரையோரக் குடிசைகளுக்குள் புகுந்ததை நம் ஆட்கள் மறக்கவில்லை. காடு நின்று மழையை உறிஞ்சவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் காடு அழகுதான். ஆனால் ஓடையில் தண்ணீர் திடீரென்று ஏறும். பாறையும் வழுக்கும். தண்ணீரில் இறங்குவது வேண்டாம். மழை முடிகிற நாட்களில் போனால் காரவிச் செடியைப் பார்க்கலாம். நம் குறிஞ்சிக்குச் சொந்தக்காரி. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை என்றால் இது 8 ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூக்கும். 2016-லும் 2024-லும் மலைச்சரிவு ஊதாவாக மாறியது. அடுத்தது 2032. இந்தச் செடியின் தண்டைக் கட்டி, மண் பூசித்தான் காட்டில் வாழும் வார்லி மக்கள் தங்கள் வீட்டுச் சுவரை எழுப்புகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் போரிவிலி மேற்கில் உள்ள மண்டபேஷ்வர் குகையையும் பார்த்துவிடலாம். அது பூங்காவுக்கு வெளியே, ஊருக்குள் இருக்கிறது. சைவக் குகை. ஆடும் சிவபெருமானின் சிற்பம் அங்கே உண்டு. போர்த்துக்கீசியர் காலத்தில் அதைத் தேவாலயமாக மாற்றினார்கள். குகைக்கு மேலே அந்தக் கட்டடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. உள்ளே, சிற்பம் இருந்த சுவர் ஒன்றில் சிலுவை வெட்டியிருக்கிறார்கள். சிவராத்திரிக்கு மக்கள் திரளாக வருகிறார்கள்.

வாசலில் பிளாஸ்டிக் பையைச் சோதிப்பார்கள். சாப்பாட்டைத் தூக்கிலோ இலையிலோ கொண்டு போவது நல்லது. தண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில் வேண்டும். காலில் ஹவாய் செருப்பு வேண்டாம், குகைப் படிகளில் வழுக்கும். மாலை 4 மணிக்குக் கன்னேரியில் இருந்து இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே ஸ்டேஷனுக்கு வந்துவிடலாம். பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும். வருகிற வண்டியில் முண்டியடிக்காமல், போரிவிலியிலேயே புறப்படும் ஸ்லோ வண்டிக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.