ஓசையின்றிக் கடிக்கும் மணல் ஈ

நீடாமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களில் அந்தி சாய்ந்ததும் மாட்டுக்கொட்டிலில் புகைமூட்டம் போடுவார்கள். கொசுவை விரட்டத்தான்! கொசுவோ காதருகே ரீங்காரமிட்டுத் தன் வரவை அறிவித்துவிடும். ஓசையே இல்லாமல் வந்து கடிக்கும் பூச்சி ஒன்றும் உண்டு. அதுதான் மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். ஈரமண், சாணம், மண்சுவர் வெடிப்பு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள்.

பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். அப்போது 'லீஷ்மேனியா' என்னும் ஒருசெல் ஒட்டுண்ணியை அது நம் உடலில் செலுத்திவிடக்கூடும். ஆனால் ஈ இருந்தால் மட்டும் நோய் வராது. அதனுள் ஒட்டுண்ணியும் இருக்க வேண்டும். காவிரிப் படுகையில் இந்நோய் நிலைகொள்ளவில்லை.

இதன் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், மலேரியா போலத் தோன்றிய காய்ச்சலால் மண்ணீரல் வீங்கியவர்களிடம் இவ்வொட்டுண்ணியைக் கண்டார். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று, பின்னர் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் கண்டதை இங்கிலாந்தில் லீஷ்மன் அதே ஆண்டில் வெளியிட்டார். இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனோவானி' என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். ஈயின் கடியால் மனிதருக்கு நோய் பரவுவதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் மெய்ப்பித்தனர்.

கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களுக்குள்ளேயே இவ்வொட்டுண்ணி குடியேறிப் பெருகுகிறது. அது தங்கும் இடத்தைப் பொறுத்து நோயின் வடிவம் மாறும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தங்கினால் கருங்காய்ச்சல். நீடித்த காய்ச்சல், இரத்தசோகை, மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவம் செய்யாவிட்டால் பெரும்பாலும் மரணமே. தோலில் தங்கினால் ஆறாப் புண். ராஜஸ்தானின் பிகானேரில் இதைக் காணலாம். தென் அமெரிக்காவில் மூக்கையும் வாயையும் அரிக்கும் வடிவமும் உண்டு. விந்தை என்னவென்றால், இந்தியாவில் கருங்காய்ச்சல் தரும் அதே டோனோவானி இனம், இலங்கையில் பெரும்பாலும் தோல் புண்ணையே தருகிறது!

நான்காவது வடிவத்தை 1922-இல் விவரித்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. கருங்காய்ச்சல் குணமாகிப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய தேமலும் முடிச்சும் தோன்றும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே பலர் மருத்துவரை நாடுவதில்லை. ஆனால் அத்தேமலில் ஒட்டுண்ணி இருக்கிறது! ஈ அவரைக் கடித்து வேறொருவரையும் கடித்தால் நோய் மீண்டும் கிளம்பிவிடும்.

2023-இல் உலகிலேயே முதல் நாடாக வங்கதேசம், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து கருங்காய்ச்சலை ஒழித்தது. அந்த வெற்றி நிலைக்க வேண்டுமானால் காய்ச்சலைத் தேடினால் மட்டும் போதாது. வலிக்காத தேமலையும் தேட வேண்டும். ஓசையின்றிக் கடிக்கும் ஈயைப் போலவே, ஓசையின்றி மறைந்திருக்கும் நோயிடமும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும் அல்லவா?