ஒரு கிலோமீட்டர் அடிக்கிற லைட் எதுக்கு? ராத்திரி வயலுக்குப் போறவங்க 'தலை டார்ச்' வாங்கும்போது கவனிக்க வேண்டியவை!

கடலூரிலோ சிதம்பரத்திலோ ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் போய், "தலையில மாட்டுற டார்ச் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். நாலைந்து பெட்டிகளை எடுத்துப் போடுவார்கள். ஒன்றில் 10,000 லூமென், இன்னொன்றில் ஒரு கிலோமீட்டர் தூரம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கூடவே, "வேட்டைக்குப் போறவங்களே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று ஒரு சிபாரிசும் வரும்.

அந்த சிபாரிசில்தான் சிக்கலே. வேட்டை லைட் செய்கிற வேலை வேற, வயலில் நமக்கு ஆக வேண்டிய வேலை வேற.

நரி, காட்டுப்பூனை, மான் போன்ற விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதில் படுகிற வெளிச்சம் வந்த வழியே திரும்பிப் போகும். டார்ச் நம் நெற்றியில் இருந்தால், திரும்பி வருகிற அந்த வெளிச்சம் நேராக நம் கண்ணுக்கே வந்து சேரும். தூரத்தில் ரெண்டு புள்ளி பளபளக்கும். அதனால்தான் வேட்டைக்காரர்கள் தலை லைட்டை விரும்பினார்கள். அந்த லைட்டின் ஒளியும் ஊசி மாதிரி ஒடுங்கி, தூரத்துக்குப் பாய்கிற மாதிரி செய்யப்பட்டிருக்கும். (1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். அந்த உபயோகத்துக்கு லைட் தேடுபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

பாம்பின் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. எவ்வளவு பெரிய லைட் அடித்தாலும் அது பளபளத்துக் காட்டிக் கொடுக்காது. நமக்குப் பிரச்னையே அதுதானே!

செம்மங்குப்பம் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் - சிதம்பரம் ரயில் பாதையை ஒட்டிய ஊர், பக்கத்திலேயே சிப்காட் ஆலைகள். இந்தப் பக்கத்து ஊர்களில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் உண்டு, மோட்டார் போடவும் மடை மாற்றவும் டார்ச்சோடு வரப்பில் நடக்கிறவர்களும் உண்டு. இவர்களுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அடுத்த அடி எங்கே வைக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதி மழைக்கால மாதங்களில் நடந்தவை. கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. கண்ணாடி விரியனும் இருட்டிய பிறகுதான் அதிகம் வெளியே வரும். காய்ந்த சருகோடு சருகாகச் சுருண்டு கிடந்தால் பக்கத்தில் போனாலும் தெரியாது. அதனால், கடையில் முதலில் பார்க்க வேண்டியது தூரத்தை அல்ல, அகலத்தை. லைட்டை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் இருட்டான மூலையில் உங்கள் காலுக்கு முன்னால் அடித்துப் பாருங்கள். ரெண்டு மூணு அடி அகலத்துக்குச் சீராகப் பரவினால் நல்ல லைட். நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் விழுந்து சுற்றிலும் இருட்டாக இருந்தால் வேண்டாம். 

பலரும் யோசிக்காத இன்னொரு விஷயம் நிழல். டார்ச் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பொருள்களின் நிழல் அவற்றுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மேடு, பள்ளம், எலி வளை, சுருண்டு கிடக்கிற பாம்பு எல்லாமே தட்டையாகத் தெரியும். அதே லைட்டை இடுப்பு உயரத்தில் பிடித்தால் நிழல் நீண்டு விழும், தரையின் ஏற்ற இறக்கம் சட்டென்று பிடிபடும். அதனால், நடக்கும்போது பட்டையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், மோட்டார் கொட்டகைக்கோ மடைக்கோ போன பிறகு தலையில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையில் குச்சி, ஒரு கையில் மண்வெட்டி என்றால் கழுத்தில் தொங்கவிட்டு, கீழ்நோக்கிச் சாய்க்கலாம். மார்கழிப் பனியிலும் இதே உத்திதான். நெற்றியில் இருந்தால் பனித்துளிகளில் பட்ட வெளிச்சம் முகத்துக்கே திரும்பி, எதிரில் வெள்ளைத் திரை மாதிரி நிற்கும்.

தூரம் அடிக்கிற லைட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் முதலை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். முதலையின் கண் வெளிச்சத்தில் சிவப்பாக மின்னும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் கரையிலிருந்து ஒரு முறை சுற்றி அடித்துப் பார்க்க ஒடுங்கிய ஒளி வேண்டும். அகலம், தூரம் ரெண்டும் மாற்றிக்கொள்கிற மாடலாக வாங்குவது அவர்களுக்கு நல்லது.

சரி, அந்த 10,000 லூமென்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த டார்ச்களில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். இதில் நல்ல தரமானதே ஏறக்குறைய 3,500 எம்.ஏ.ஹெச்.தான் தாங்கும். மேலே 9,900 என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். 3,500 எம்.ஏ.ஹெச். என்றால் சுமார் 12 வாட்-மணி. எல்.இ.டி ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருவதாக வைத்துக்கொண்டால், 1,000 லூமென் வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். 10,000 லூமென் வேண்டுமென்றால் 100 வாட்! நெற்றி வெந்துவிடும். ஏழு நிமிஷத்தில் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

இதே கணக்கில் 100 லூமென் வைத்தால் ராத்திரி முழுக்க எரியும். வரப்பில் நடக்க அது தாராளம். கண்ணுக்கும் அதுதான் நல்லது. இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகிறது. ஒரே ஒரு பெரிய வெளிச்சம் அதைக் கலைத்துவிடும்.

'40 மணி நேரம் எரியும்' என்று போட்டிருந்தாலும் கொஞ்சம் நிதானம் தேவை. டார்ச்களுக்கான எஃப்.எல்.1 என்ற அளவுமுறையில், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவிகிதமாகக் குறைகிற வரைக்கும் 'எரியும் நேரம்'தான். 'தூரம்' என்பதும் அப்படியே. பௌர்ணமி நிலா அளவுக்கு வெளிச்சம் விழுகிற இடம் வரை அளப்பார்கள். அங்கே இருப்பது ஆடா, பாறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மழைக்கு ஐ.பி குறியீட்டைப் பாருங்கள். ஐ.பி.எக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐ.பி.எக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வாய்க்காலில் குனிந்து வேலை செய்கிறவர்கள் ரெண்டாவதை வாங்குவதே புத்திசாலித்தனம். நிறத்தைப் பொறுத்தவரை, நீலம் கலந்த வெள்ளையைவிட கொஞ்சம் மஞ்சள் கலந்தது மேல். நீல வெளிச்சத்துக்குப் பூச்சி அதிகம் வரும். ஈசல் புறப்படுகிற ராத்திரியில் நெற்றியில் லைட் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, வாய்க்குள்ளேயே பறக்கும்!

எந்த லைட்டாக இருந்தாலும் பூட்ஸும் குச்சியும் கூட இருக்கட்டும். கடி பட்டுவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-க்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

பராமரிப்பு ரொம்ப சிம்பிள். மாதம் ஒரு முறை எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி சோப்பு போட்டு அலசிக் காயவையுங்கள், வியர்வை உப்பில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். சார்ஜ் செருகுகிற இடத்தின் ரப்பர் மூடி போய்விட்டால் ஐ.பி எண்ணுக்கு அர்த்தமில்லை. பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.