சிவப்பு நண்டின் கடல் மாதம்

ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கி.மீ. தொலைவில், இந்தியப் பெருங்கடலில் தனித்துக் கிடக்கிறது ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு. மழைக்காலம் தொடங்கியதும் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் காட்டைவிட்டுக் கடற்கரைக்கு இறங்குவதை உலகமே வியந்து பார்க்கிறது. ஆனால் அந்த இனத்தின் தலையெழுத்து, அதன்பின் யார் கண்ணிலும் படாமல் கடலில் கழியும் ஒரு மாதத்தில்தான் முடிவாகிறது.

தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. நீந்தத் தெரியாத தாய் நண்டை அலை இழுத்துப்போகும் ஆபத்தும் அப்போது குறைவு. ஏற்றம் தணியத் தொடங்கும் விடியலுக்கு முந்தைய இருட்டில் தாய் நண்டு நீர் விளிம்புக்கு வருகிறது. கொடுக்குகளை உயர்த்தி உடலைக் குலுக்கி, ஒரு லட்சம் வரையான முட்டைகளை உதறுகிறது. உப்புநீர் பட்டதுமே அவை பொரிந்துவிடுகின்றன.

வெளிவரும் இளவுயிரிக்கு நண்டின் சாயலே இல்லை. பெரிய கண்களும் முள்நீட்டிய ஓடும் கொண்ட சிறு துணுக்கு அது. நீரோட்டம் இழுத்த பக்கம் போகும் மிதவையுயிரிகளில் ஒன்றாகி, பலமுறை தோலுரித்து வளர்கிறது. மீன்களும் மாண்டா திருக்கைகளும் இந்தக் கூட்டத்தைத் தின்கின்றன. உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறாவும் இந்த விருந்துக்கு வருகிறது. அதன் கழிவில் சிவப்பு நண்டின் டி.என்.ஏ. இருந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூன்று நான்கு வாரம் கழித்துத் தப்பியவை 5 மி.மீ. குட்டிகளாகக் கரையேறுகின்றன. பல ஆண்டுகளில் ஒன்றுகூடத் திரும்புவதில்லை. எப்போதாவது ஓராண்டு, பாறையெல்லாம் சிவக்கும் அளவுக்கு வந்து குவிகின்றன. அந்த ஓராண்டு வரை தாய்கள் உயிரோடிருந்து, ஆண்டுதோறும் முட்டையிட வேண்டும்.

அங்கேதான் இடி விழுந்தது. வெளியிலிருந்து வந்து பெருகிய மஞ்சள் பைத்திய எறும்புகள், ஃபார்மிக் அமிலம் பீய்ச்சிக் கோடிக்கணக்கான நண்டுகளைக் கொன்றன. எறும்புக்கு இனிப்புநீர் சுரந்து தரும் செதில்பூச்சியை ஒடுக்க, மலேசியாவிலிருந்து நுண்குளவி வரவழைக்கப்பட்டு 2016-இல் விடப்பட்டது. இடம்பெயரும் காலத்தில் சாலைகள் மூடப்படுகின்றன. நண்டுகளுக்கெனப் பாலமே இருக்கிறது.

நீரோட்டத்தையும் சுறாவின் பசியையும் நம்மால் மாற்ற முடியாது. தாய் நண்டைக் காப்பாற்ற முடியும். காட்டில் சாகும் ஒவ்வொரு தாயோடும், அது இனிமேல் கடலில் விடவிருந்த லட்சக்கணக்கான உயிர்களும் போகின்றன. அதனால், கடலுக்கான காவலைக் காட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.