காஞ்சிபுரத்தில் ஒரு ‘பாடி’!

“பாடி அரக்கு, பார்டர் பச்சை. முந்தியில ஜரிகை ஜாஸ்தி. பிரிச்சுக் காட்டட்டுமா?”

பதறாதீர்கள். காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக் கடைகளில் இது தினசரிப் பேச்சு. இங்கே பாடி என்றால் புடவையின் உடல். கரையையும் முந்தியையும் கழித்தால் மிஞ்சுகிற பரப்பு.

அதே வார்த்தையை ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிப் பாருங்கள். “பாடியை எப்ப தருவாங்க?” கூட்டமே கப்சிப்! நேற்றுவரை ‘அவர்’ ஆக இருந்த மனிதர், மூச்சு நின்ற மறு நிமிஷம் ‘அது’ ஆகிவிடுகிறார்.

கரூரில் பாடி என்றால், “பஸ்ஸுக்கா, லாரிக்கா?” என்பார்கள். பாடி கட்டுவது அங்கே பெரிய தொழில். ஜிம்முக்குப் போகிற உங்கள் தம்பியும் பாடிதான் கட்டுகிறான். செலவு மட்டும் அப்பாவுடையது! ஜவுளிக் கடையில் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற பாடி வேறு. சென்னை டவுன் பஸ்ஸில் ‘பாடி ஒண்ணு’ என்றால் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிடுவார். அது ஊர்ப் பெயர். பழந்தமிழில் பாடி என்றால் படை தங்குமிடம். பி.காம். படித்தவர்களைக் கேளுங்கள், கம்பெனிக்கு ‘பாடி கார்ப்பரேட்’ என்று பெயர் என்பார்கள். தொட்டுப் பார்க்க உடம்பே இல்லாததற்கு இப்படியொரு பெயர்!

சரி, மறுபடி தறிக்கு வருவோம்.

காஞ்சிப் பட்டின் பெருமையே பாடி ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதுதான். இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. மூன்று நாடாக்கள். நடுவில் ஓடுவது பாடிக்கு, இரண்டு ஓரத்திலும் ஓடுபவை கரைகளுக்கு. ஒவ்வொரு ஊடை இழையும் கரை இழையோடு கோத்துக்கொண்டு திரும்பும். இதுதான் கோர்வை. புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று சொல்வார்கள்.

இதற்கு ஒரு ஆள் போதாது. நெசவாளி ஒரு பக்கம் உட்கார்ந்தால், மறுபக்கக் கரைக்கு நாடா போட இன்னொருவர் வேண்டும். முன்பெல்லாம் அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவன். ஸ்கூலில் இருக்க வேண்டியவன். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016-ல் அதைத் திருத்தி, குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற விலக்குகள் தவிர, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். பையன் பள்ளிக்கூடம் போனான். ரொம்ப நல்லது!

படித்து முடித்தவன் தறிக்குத் திரும்புவானா? பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து கார் தயாராகிறது. ஒரகடத்திலும் கார் தொழிற்சாலை. காரின் கூட்டை வெல்டிங் செய்து சேர்க்கிற இடத்துக்கு அங்கே என்ன பெயர் தெரியுமோ? பாடி ஷாப்! அப்பா நெய்ததும் பாடி, பிள்ளை ஒட்டுவதும் பாடி. பிள்ளைக்கு மாசம் பிறந்தால் சம்பளம். அப்பாவுக்குப் புடவை முடிந்தால்தான் கூலி.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் முதுகு என்னாகும்? முடி மாதிரி இழைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் என்னாகும்? வீட்டுப் பெண்கள் தார் சுற்றிக் கொடுக்கிற உழைப்பு வேறு. பாடி, பாடி என்று விரித்துப் பார்க்கிற கடையில் இந்த பாடிகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

அடுத்த தடவை முகூர்த்தப் பட்டு எடுக்கும்போது, “இது கோர்வையா?” என்று கேளுங்கள். கரையை உற்றுப் பாருங்கள். பாடி நிறம் கரையிலும் கலந்து தெரிந்தால் கோர்வை இல்லை. ஒரே நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியிருக்கிறது. கரை நிறம் கலப்பில்லாமல் இருந்தால் விலை கூடத்தான் சொல்வார்கள். பேரம் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடுதலில் இரண்டு பேர் முதுகுவலி இருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்!